உப்பளத்தில் பாத்தி மிதிக்கும் நாளில் தோட்டத்தில் என்ன வேலை?

பொங்கல் முடிந்து பத்துப் பதினைந்து நாள் ஆனதும் மரக்காணம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு ஒரு காட்சி தப்பாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி மாதிரிக் கிடந்த உப்பளங்களில் தண்ணீரை வடித்துவிட்டு, சேற்றை வாரி வரப்பு போட்டு, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருப்பார்கள். தரை இறுகினால்தான் உப்புநீர் கீழே இறங்காமல் நிற்கும். பிறகு வெயிலும் காற்றும் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு, உப்பைப் பாத்தியிலேயே விட்டுவிட்டுப் போகும். உப்பு எடுக்கும் தொழில் என்பது இவ்வளவுதான்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று காய்கறிக் கொல்லை வைத்திருப்பவர்களும் அதே நாட்களில்தான் மண்வெட்டியை எடுக்கிறார்கள். அதே வெயில், அதே காற்று, அதே நிலத்தடி நீர். கொஞ்சம் கவனம் தப்பினால் கத்தரிப் பாத்தியிலும் உப்பு விளைந்துவிடும். உப்பளத்தில் வேலை செய்கிறவர் எதையெல்லாம் விரும்பிச் செய்கிறாரோ, அதற்கு நேர் எதிராகச் செய்வதுதான் இந்தக் கரையில் தை, மாசி மாதத் தோட்ட வேலை. அவர் தரையை இறுக்குவார், நாம் இளக்க வேண்டும். அவர் வெயில் படும்படி திறந்து வைப்பார், நாம் மூட வேண்டும். அவர் நீரைத் தேக்குவார், நாம் வடிக்க வேண்டும்.

இது வெறும் பேச்சுக்காகச் சொல்வதல்ல, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். மாசி வெயிலில் வளர்ந்த காய்கறிப் பயிர் நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் நீர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் சென்டுக்கு 160 லிட்டர், அதாவது பத்துப் பதினோரு குடம். கிணற்று நீரின் இ.சி. (மின்கடத்துத் திறன்) 1.5 என்றால் அந்த நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம் உப்பு இருக்கிறது. வாயில் வைத்தால் லேசாகக் கரிக்கும், அவ்வளவுதான். பலரும் அதை நல்ல தண்ணீர் என்றே சொல்வார்கள். ஆனால் நூறு நாள் பயிரில் ஒரு சென்டுக்கு 16,000 லிட்டர் இறைக்கிறோம். கூடவே 15 கிலோ உப்பையும் கொட்டுகிறோம். பத்து சென்ட் தோட்டமென்றால் 150 கிலோ. 50 கிலோ மூட்டையில் மூன்று மூட்டை உப்பைக் கையால் எடுத்துத் தூவினால் பார்த்துக்கொண்டு நிற்போமா? தண்ணீரோடு கலந்து போவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அப்படியானால் வருடா வருடம் இந்தத் தோட்டங்கள் எப்படிப் பிழைத்திருக்கின்றன? வடகிழக்குப் பருவமழைதான் காரணம். இந்தக் கரையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே கொட்டிவிடுகிறது. ஒரு அடி ஆழ மண்ணில் உள்ள உப்பைக் கழுவ ஒரு அடி நல்ல தண்ணீர் அதன் வழியாக இறங்கினால் போதும், ஐந்தில் நான்கு பங்கு போய்விடும் என்பது பாசனத் துறையில் பழகிய கணக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்து வயல்களில் கடல்நீர் ஏறியபோது, இனி ஐந்து பத்து வருடத்துக்கு எதுவும் விளையாது என்று பயந்தவர்கள் உண்டு. 2005 இறுதியில் பருவமழை வெளுத்து வாங்கியது. வரப்பு கட்டி மழைநீரைத் தேக்கி, வடிகால் வெட்டி இறக்கிவிட்ட வயல்களில் உப்பு பெருமளவு கழுவிப்போனது. வானம் தரும் தண்ணீருக்கு இணையான மருந்து உப்பு நிலத்துக்கு வேறில்லை.

ஆகவே தை மாதம்தான் நம் கொல்லை மண் வருடத்திலேயே மிகச் சுத்தமாக இருக்கும் மாதம். அன்றிலிருந்து அடுத்த ஐப்பசி வரை உப்பு ஏறிக்கொண்டே போகும். அதை எவ்வளவு மெதுவாக ஏற விடுகிறோம் என்பதில்தான் பங்குனி, சித்திரை விளைச்சல் இருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. மழை வெள்ளம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணத்துக்கு அருகே கரை கடந்தது. 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் வந்தபோது பக்கத்து மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது, மரக்காணம் உப்பளங்கள் மூழ்கின. மேட்டுக் கொல்லையில் விழுந்த மழை உப்பைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். ஆனால் கழுவேலிக் கழிமுகத்தை ஒட்டிய பள்ளத்துக் கொல்லைகளிலும், பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் உப்பங்கழி நீர் எதிர்த்து ஏறி நின்றிருந்தால் அந்த மண்ணை இந்த வருடம் நம்ப முடியாது. அப்படிப்பட்டவர்கள் விதை வாங்குவதற்கு முன் மண்ணைச் சோதித்துவிடுவது நல்லது.

முதலில் கிணற்றைப் பாருங்கள்

விதைக்கு முன்னால், எருவுக்கு முன்னால், தண்ணீர். தை மாதத்தில் ஒரு முறை, பங்குனியில் ஒரு முறை கிணற்று நீரின் இ.சி.யை அளந்து, கிணற்றுச் சுவரிலேயே தேதி போட்டுக் கரியால் எழுதி வையுங்கள். திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகினால் மண், நீர்ப் பரிசோதனைக்கு வழி சொல்வார்கள். நான்கைந்து பேர் சேர்ந்தால் பேனா அளவுள்ள இ.சி. மீட்டர் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். 0.7 வரை கவலையில்லை. 0.7 முதல் 3 வரை பயிரைப் பார்த்து, முறையைப் பார்த்துப் பயன்படுத்த வேண்டிய நீர். 3-க்கு மேல் காய்கறிக்கு வேண்டாம். இந்த அளவுகள் எஃப்.ஏ.ஓ. எனும் உலக உணவு, வேளாண் அமைப்பு 1985-ல் திருத்தி வெளியிட்ட பாசன நீர்க் கையேட்டில் உள்ளவை. இன்றும் உலகமெங்கும் இவற்றைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள்.

தை அளவுக்கும் பங்குனி அளவுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தால், கிணற்றின் அடியிலிருந்து உப்புநீர் மேலே வருகிறது என்று பொருள். கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் தனியாக நிற்பதில்லை. கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, பாலின் மேல் ஆடை மாதிரி. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல நீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது நூறு வருடத்துக்கு முன்பே கண்டறிந்த கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டாரை ஓட்டி நீர்மட்டத்தை ஒரு அடி நிரந்தரமாக இறக்கிவிட்டால், அடியில் உப்புநீர் 40 அடி ஏற இடம் கொடுத்துவிடுகிறோம். ஏறுவதற்குச் சில காலம் பிடிக்கும், ஏறியதை இறக்குவதற்கு அதைவிட அதிக காலம் பிடிக்கும்.

அதனால் இந்தக் கரையில் ஆழப்படுத்துவது புத்திசாலித்தனம் அல்ல. தண்ணீர் குறைகிறதென்று கிணற்றுக்குள் சைடு போர், இறங்கு போர் போடுகிறவர்கள் பலர் உப்பைத்தான் தேடிப் போகிறார்கள். ஆழமில்லாத அகலக் கிணறு, சின்ன மோட்டார், காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, நடுவில் கிணறு ஊற நேரம். இதுதான் பொருந்தும். அந்தக் காலத்தில் மணல்மேட்டில் ஊற்றுக் குழி தோண்டிக் குடத்தில் முகந்து ஊற்றியவர்கள் அறிவியல் படிக்கவில்லை, ஆனால் மேல் ஆடையை மட்டும் எடுத்தார்கள். மோட்டார்தான் அடி வரை உறிஞ்சுகிறது.

உவரா, களரா?

மண் பரிசோதனைக்கு எடுக்கும்போது வழக்கம்போல ஆங்கில 'வி' வடிவக் குழி எடுத்து, பத்து இடத்து மண்ணைக் கலந்து அரை கிலோ கொடுப்போம். உப்பு பார்ப்பதற்கு மட்டும் அரை அடி வரை ஒரு மாதிரி, அரை அடியிலிருந்து ஒரு அடி வரை இன்னொரு மாதிரி என்று தனித்தனியாகக் கொடுங்கள். மேல் மண்ணில் கூடவும் கீழே குறைவாகவும் இருந்தால் உப்பு மேல்நோக்கிப் பயணம் செய்கிறது. கீழே கூட இருந்தால் மழை அதை அங்கே தள்ளி வைத்திருக்கிறது, மூடி வைத்தால் அங்கேயே கிடக்கும்.

அட்டையில் வரும் எண்ணைப் படிப்பதிலும் ஒரு சிக்கல். நம் ஆய்வகங்களில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நீர் கலந்து அளக்கிறார்கள். அந்த அளவில் 1-க்குக் கீழே இருந்தால் தொந்தரவில்லை, 1 முதல் 3 வரை உப்பு தாங்காத பயிருக்கு ஆபத்து, 3-க்கு மேல் எல்லாவற்றுக்குமே பாதிப்பு. ஆனால் பயிர் வேர் உணரும் உப்பு அந்த எண்ணைவிட அதிகம், மணல் நிலத்தில் பல மடங்கு. புத்தகங்களில் "தக்காளி 2.5 வரை தாங்கும்" என்று இருப்பது வேர் உணரும் அளவு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, அட்டையில் 1.2 தானே, தக்காளி வைக்கலாம் என்று இறங்குவது தப்பு.

அடுத்தது ஜிப்சம். உப்பு என்றாலே ஜிப்சம் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. வேர் உணரும் இ.சி. 4-க்கு மேல், கார அமிலத் தன்மை (பி.எச்.) 8.5-க்குக் கீழ் என்றால் உவர். பி.எச். 8.5-க்கு மேல், மண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டு, மழை பெய்தால் குழம்பி நின்று காய்ந்தால் ஓடு கட்டுகிறது என்றால் களர். ஜிப்சம் களருக்கு மருந்து. வெறும் உவர் நிலத்தில் ஜிப்சம் போடுவது, ஏற்கெனவே உப்பு இருக்கிற சாம்பாரில் இன்னொரு உப்பைப் போடுவது போலத்தான். அங்கே வேண்டியது நல்ல தண்ணீரும் வடிகாலும். நானே ஒரு வருடம், கேட்டவர்கள் சொன்னார்கள் என்று மண்ணைச் சோதிக்காமல் நாலு மூட்டை ஜிப்சம் இறக்கியவன். அந்தக் காசுக்கு வடிகால் வெட்டியிருக்கலாம்.

மூடாக்கு: தை முடிவதற்குள்

இந்த வேலைக்கு மட்டும் ஏன் கெடு வைக்கிறேன் என்றால் இரண்டு காரணம். ஒன்று, பனி விலகி வெயில் ஏறிவிட்டால் உப்பு மேலே வந்துவிடும். வந்த பிறகு மூடுவதில் பாதிப் பலன்தான். இரண்டாவது, ஆள். மரக்காணம் சுற்று வட்டாரத்தில் கொல்லை வைத்திருக்கும் பல வீடுகளில் உப்பள வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மாசியில் பாத்தியில் உப்பு இறங்க ஆரம்பித்துவிட்டால் விடியற்காலையிலேயே அங்கே போய்விடுவார்கள். வெயிலில் நின்று உப்பு வாரிவிட்டுத் திரும்பியவர்களிடம் தோட்டத்தில் கொத்தச் சொல்ல முடியாது. ஆகவே உடம்பு நோகும் வேலை எல்லாம் தையிலேயே முடிய வேண்டும். மாசிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் காய் பறிப்பதும் மட்டும் மிஞ்ச வேண்டும்.

முறை எளிது. பாத்தியை ஒரு முறை நன்றாக நனைத்து, ஈரம் ஆறியதும் களைக்கொத்தால் ஒரு அங்குலம் மட்டும் மேலாகக் கிளறிவிடுங்கள். மண்ணுக்குள் நூல் போல ஓடும் நுண்துளைகள் வழியாகத்தான் ஈரமும் உப்பும் மேலே ஏறுகின்றன. மேலாகக் கொத்தினால் அந்த நூல் அறுந்துவிடும். அதன் மேல் மூன்று அங்குலத்துக்குச் சருகு, வைக்கோல், மல்லாட்டைத் தோல், கிழித்த பனையோலை, எது கிடைக்கிறதோ அது. சவுக்குச் சருகு இந்தப் பக்கம் தாராளம். மக்க நாளாகும், மூடாக்குக்கு அதுவே நல்ல குணம். குடிசையை ஒட்டிய கொல்லையில் மட்டும் காய்ந்த சவுக்குச் சருகைக் குவிக்காதீர்கள், தீ பிடித்தால் நிற்காது.

மூன்று அங்குலம் என்று சொல்லிவிட்டால் எளிதாகத் தெரியும். ஒரு சென்டுக்கு நூறு கன அடிக்கு மேல் சருகு வேண்டும், மணல் கணக்கில் ஒரு யூனிட். பத்து சென்டுக்குப் பத்து யூனிட் சருகு யாரிடம் இருக்கிறது? ஆகவே எல்லாப் பாத்தியிலும் ஒரு அங்குலம் என்று பரப்பி வீணடிக்காமல், உப்பு தாங்காத பயிர் நிற்கும் இரண்டு மூன்று சென்டுக்கு மட்டும் முழுக் கனத்தில் போடுங்கள். மற்ற இடத்தில் மேலாகக் கொத்திவிடுவதையும், சீக்கிரம் தரை மூடும் கொடிப் பயிரையும் நம்பலாம்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இந்தப் பனி நாட்களில் ஒரு ஏமாற்று வேலை நடக்கும். உப்பு ஏறிய பாத்தி காலையில் பார்த்தால் ஈரமாக, கறுத்துத் தெரியும். தண்ணீர் இருக்கிறதென்று நினைத்துப் போய்விடுவோம். அது மண்ணின் ஈரமல்ல, உப்பு காற்றிலிருந்து பனியை இழுத்துக்கொண்டு நிற்பது. அதே இடத்தை மத்தியானம் இரண்டு மணிக்குப் பாருங்கள். சுண்ணாம்பு பூசியது மாதிரி வெளுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த வெள்ளைப் படலத்தை மண்ணோடு கொத்திக் கலக்கிவிடாமல், தகட்டால் சுரண்டி எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே கொட்டுங்கள்.

செடி நிற்கும் இடம்

பார் போட்டு வாய்க்காலில் தண்ணீர் விடும்போது நீர் இரண்டு பக்கத்திலிருந்தும் பாரின் உச்சிக்கு ஏறி அங்கே ஆவியாகிறது. உப்பும் அங்கேயே சேருகிறது. பாரின் உச்சியில் நட்ட கத்தரி நாற்று உப்பு மலையின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. உச்சியை விட்டுக் கீழே, தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே, பாரின் சரிவில் நடுங்கள். அகலப் பாத்தியில் இரட்டை வரிசை என்றால் இரண்டு ஓரத்திலும் நட்டு நடுவை உப்புக்கு விட்டுவிடுங்கள். இந்த ஒரே மாற்றத்துக்குக் காசு செலவில்லை. பலன் முதல் மாதத்திலேயே தெரியும்.

கழுவேலிப் பக்கத்துக் களிமண் கொல்லைகளில் நிலத்தடி உப்புநீர் மூன்று நான்கு அடியிலேயே நிற்கும். அங்கே பாத்தியை ஒன்றேகால், ஒன்றரை அடி உயர்த்தி, சுற்றிலும் வடிகால் வெட்ட வேண்டும். வடிகால் இல்லாமல் கழுவுகிறேன் என்று தண்ணீரைக் கொட்டினால், கீழே நிற்கும் உப்புநீரை மேலே தூக்கிவிட்டதுதான் மிச்சம். மேட்டு மணல் நிலத்தில் அந்தக் கவலை குறைவு. அங்கே வேறு கஷ்டம், ஊற்றியது தங்காது. சென்டுக்கு 100 கிலோ மக்கிய தொழு உரம் என்பதை மணலில் குறைக்காதீர்கள்.

எதை விதைப்பது?

தைப் பட்டத்துக்கும் மாசிப் பட்டத்துக்கும் சொல்லும் பயிர்ப் பட்டியல் நீளமானது. வெண்டை, கத்தரி, மிளகாய், தக்காளி, கொத்தவரை, காராமணி, பாகல், பீர்க்கு, புடல், சுரை, பூசணி, கீரை. எல்லாமே வரும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர்க் கணக்கு அல்ல, இங்கேதான் நிறையப் பேர் இடறுகிறார்கள்.

மேலே சொன்ன இ.சி. 1.5 கிணற்றையே எடுத்துக்கொள்வோம். பயிர் குடித்தது போக, வேருக்குக் கீழே உப்பைத் தள்ளிவிடக் கொஞ்சம் கூடுதல் நீர் விட வேண்டும். எவ்வளவு என்பது பயிரின் தாங்குதிறனைப் பொறுத்தது. கொத்தவரை 8.8 வரை தாங்கும் என்று கண்டிருக்கிறார்கள், காய்கறிகளில் அதுதான் சூரன். அதற்கு 100 குடம் தேவையென்றால் 104 குடம் போதும். காராமணி 4.9 வரை தாங்கும், 107 குடம். தக்காளியும் வெள்ளரியும் 2.5; 116 குடம். மிளகாய் 1.5, 133 குடம். சின்ன வெங்காயம் 1.2 என்றால் 150 குடம். கத்தரி 1.1, 160 குடம். ஒரே கிணறு, ஒரே அளவு நிலம், ஆனால் கொத்தவரைக்கு வேண்டியதைப் போல ஒன்றரை மடங்கு தண்ணீரைக் கத்தரி கேட்கிறது. அந்த 60 குடமும் அதே கிணற்றிலிருந்துதான் வர வேண்டும், கிணறு இன்னும் உப்பாகும்.

நம் வீட்டில் கத்தரிக்காய் இல்லாமல் குழம்பு ஏது என்று கேட்பீர்கள். நானும் அதே கட்சிதான். பத்து சென்டில் ஒரு சென்ட் கத்தரி, அரை சென்ட் மிளகாய், இரண்டுக்கும் முழு மூடாக்கு, கிணற்றுக்கு மிக அருகில் உள்ள மேட்டுப் பாத்தி. சந்தைக்குப் போகும் அளவுக்கு வேண்டுமானால் கொத்தவரையையும் காராமணியையும் பெரிதாகப் போடுங்கள். கொத்தவரைக்குச் சென்டுக்கு 40 கிராம் விதை, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி அரை அடி. பூசா நவ்பகார் பல காலமாக நன்றாக வருகிற ரகம். வெண்டையை எஃப்.ஏ.ஓ. கையேடு உப்பு தாங்காத பட்டியலில்தான் வைத்திருக்கிறது. போடுகிறவர்கள் மாசி முதல் வாரத்துக்குள் போட்டுவிடுங்கள். தள்ளிப் போனால் உப்போடு சேர்த்து வெள்ளை ஈயும் வரும், மஞ்சள் நரம்புத் தேமல் வந்த வெண்டையைக் காப்பாற்ற வழியில்லை, பிடுங்கி எரிப்பதுதான்.

பருப்புக்கீரையைப் பற்றி ஒரு வார்த்தை. களை என்று பிடுங்கிப் போடுகிறோம். அது 6 வரை உப்பு தாங்கும் கீரை. பாத்தி ஓரத்தில் உப்பு சேரும் இடங்களில் வேறு எதுவும் வராதபோது அதை விட்டுவைத்தால் சோற்றுக்கு ஆகும், தரையும் மூடும்.

விதை எதுவானாலும் முளைக்கும் பருவத்தில்தான் உப்பு அதிகம் கடிக்கும். வளர்ந்த தக்காளி தாங்குகிற தண்ணீரை மூன்று நாள் நாற்று தாங்காது. ஆகவே நாற்றங்காலுக்கு மட்டும் முதல் இருபது நாள் குடிதண்ணீரோ சேமித்த மழைநீரோ ஊற்றுங்கள். ஒரு சென்ட் நடவுக்கான நாற்றங்கால் கட்டில் அளவு கூட வராது, தினம் ஒரு குடத்தில் முடிந்துவிடும். விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்பது வழக்கமானதே.

அடுப்புச் சாம்பலும் கருவாட்டுக் கழிவும்

கடற்கரையில் சுலபமாகக் கிடைக்கிற எருக்கள் சில இந்த மண்ணுக்கு ஆகாது. அடுப்புச் சாம்பல் உப்பும் காரமும் சேர்ந்தது. பூச்சிக்கு நல்லதென்று ஒரு மாசி முழுக்கக் கீரைப் பாத்தியில் தூவிவிட்டு, இலை நுனியெல்லாம் கருகிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. பூசணிக் கன்றில் சிவப்பு வண்டு மொய்க்கும்போது இலை மேல் ஒரு சிட்டிகை போதும். கருவாடு போட்ட இடத்துக் கழிவு, உப்புக் கலந்த மீன் தண்ணீர் இரண்டும் வேண்டவே வேண்டாம். பச்சை மீன் கழிவை வெல்லத்தோடு ஊறவைத்து மீன் அமிலமாகத் தெளிப்பது வேறு கதை, அது சரி. கரை ஒதுங்கிய கடல் பாசியை எருக்குழியில் போடுகிறவர்கள் ஒரு மழையில் நனையவிட்டுப் பிறகு போடுங்கள். கோழி எருவும் கொஞ்சம் உப்பு அதிகமுள்ளதுதான், நன்றாக மக்க வைத்து அளவாக.

கடை உரத்தில் பொட்டாஷ் கேட்டால் சிவப்பாகக் கொடுப்பது மியூரியேட் ஆப் பொட்டாஷ். அதில் பொட்டாஷோடு குளோரைடும் இருக்கிறது. சாப்பாட்டு உப்பில் இருக்கும் அதே குளோரைடு. விலை கூடினாலும் சல்பேட் ஆப் பொட்டாஷ் கேட்டு வாங்குங்கள். பத்து சென்டுக்கு வாங்கும் அளவில் வித்தியாசம் பெரிதாக இருக்காது.

பூச்சி விஷயத்தில் இந்தக் கரைக்கென்று தனியாக எதுவுமில்லை. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்தி, இரண்டுக்கும் மருந்து வேறு. கத்தரியில் வாடிய நுனிக் குருத்தைக் கண்டதும் கிள்ளி அழியுங்கள், உள்ளே புழு இருக்கும். 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு இடித்து ஊறவைத்த கரைசல் பொதுவாகப் போதும். ஆனால் அந்தக் கரைசலையும் நல்ல தண்ணீரில் கலக்குங்கள். உப்புத் தண்ணீரில் கலந்து மாசி வெயிலில் தெளித்தால் இலை ஓரம் கருகும். பிறகு வேப்பங்கொட்டையைத் திட்டுவோம். அதே காரணத்தால் இ.சி. கூடிய நீரைப் பூவாளியால் இலை மேல் ஊற்ற வேண்டாம், அடியில் ஊற்றுங்கள். கடல் காற்று நேரே அடிக்கிற கிழக்கு ஓரத்தில் பனையோலைப் படலோ, நெருக்கி நட்ட ஆமணக்கோ இருந்தால் பங்குனிக் காற்றில் முன் வரிசைச் செடிகள் தப்பும்.

முதல் கோடை மழை அன்று

சொட்டுநீர் போட்டவர்கள் இதை மறக்காதீர்கள். சொட்டுக் குழாயிலிருந்து நீர் பரவும்போது உப்பை நனைந்த வட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளி வைத்திருக்கும். வேர் நடுவில் நிம்மதியாக இருக்கும். பங்குனி, சித்திரையில் திடீரென்று ஒரு சின்ன மழை தூறும். எல்லோரும் மகிழ்ந்து மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். அந்தத் தூறல் ஓரத்து உப்பைக் கரைத்து நேரே வேருக்குள் இறக்கிவிடும். மழை பெய்த மறுநாள் செடி வாடுவதைப் பார்த்து நோய் என்று மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். மழை சின்னதாக இருந்தால் சொட்டுநீரை நிறுத்தாமல் கூடவே ஓட விடுங்கள். இரண்டு மூன்று அங்குலம் கொட்டினால் நிறுத்தலாம். மூடாக்குப் போட்ட பாத்தியில் இந்தத் தொல்லை பாதிக்கு மேல் குறையும், மேலே உப்பே சேர்ந்திருக்காது.

காய் ஓய்ந்த பாத்தியை வெறுமனே வெயிலில் காயவிடுவது, அதை உப்பளமாக மாற்ற விண்ணப்பம் போடுவது மாதிரி. கோடை மழை ஒன்று கிடைத்ததும் அங்கே தக்கைப் பூண்டு விதைத்துவிடுங்கள். உவரையும் களரையும் தாங்கி வளரும், தரையை மூடும். 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி மண்ணில் அமுக்கலாம். அதற்கு வேண்டிய விதையை மாசியிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மழை பெய்த அன்று போய்க் கேட்டால் கிடைக்காது.